வழக்கு மன்றத்தில் வரலாறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாடு விடுதலை பெற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் 1604, 1765 என்று இங்கிலாந்து வழக்குகளை எடுத்துக் காட்டுகிறார்களே, அவை நம்மைக் கட்டுப்படுத்துமா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விருதுநகர்)

பதில்: கட்டுப்படுத்தாது. அதற்காக ஒதுக்கித் தள்ளிவிடவும் முடியாது. அந்தப் பழைய விதி எந்த வாசல் வழியாக நம் நீதிமன்றத்துக்குள் வந்தது என்று முதலில் பாருங்கள். வந்த வாசலைப் பொறுத்தே அதற்கு எடை.

முதல் வாசல் அரசமைப்புச் சட்டத்தின் 372ஆம் பிரிவு. 1950 ஜனவரி 26க்கு முன்பு இங்கே நடைமுறையில் இருந்த சட்டங்கள், மாற்றப்படும்வரை தொடரும் என்கிறது அது. இங்கே ஏற்று நடைமுறைப்படுத்தப்பட்டிருந்த காமன் லாவும் அதில் அடங்கும். நாடாளுமன்றம் இயற்றாமல், நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு சொல்லிச் சொல்லி வளர்த்த ஆங்கிலச் சட்டத்துக்குத்தான் காமன் லா என்று பெயர். சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் 1726 சாசனத்தின்படி அமைந்த மேயர் நீதிமன்றங்கள் வழியாக அது கால் ஊன்றியது. நகரங்களுக்கு வெளியே நிலைமை வேறு. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் நீதி, நேர்மை, நல்மனசாட்சிப்படி தீர்ப்புச் சொல்லுங்கள் என்றது 1781ஆம் ஆண்டு விதிமுறை. 1887இல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) இதை விளக்கியபோது, இந்தியச் சமுதாயத்துக்கும் சூழலுக்கும் பொருந்துமானால் ஆங்கிலச் சட்ட விதிகள் என்று பொருள் கொள்ளலாம் என்றது. ‘பொருந்துமானால்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இன்றுவரை வாதம் நடப்பது அந்தச் சொல்லின் மேல்தான்.

இரண்டாவது வாசல் சொற்கள். 32, 226 ஆகிய பிரிவுகள் ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு), மாண்டமஸ் (கடமையைச் செய்யச் சொல்வது) என்று ரிட்டுகளின், அதாவது உச்ச, உயர் நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் ஆணைகளின், பெயரைச் சொல்கின்றனவே தவிர, அவை என்ன என்று சொல்வதில்லை. பொருள் தேட இங்கிலாந்தின் ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். மூன்றாவது வாசல் வெறும் ஒப்புநோக்கு: அங்கே இப்படி யோசித்திருக்கிறார்கள், நாமும் பார்ப்போமே என்பது. இதற்கு எடை மிகக் குறைவு.

ஒரு வழக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கல்கத்தாவின் ஆர்ஃபன்கஞ்ச் பகுதியில் மேற்கு வங்க அரசு ஒரு சந்தை நடத்தியது. 1951ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டப்படி அதற்கு உரிமம் எடுக்க வேண்டும், அரசு எடுக்கவில்லை. மாநகராட்சி வழக்குப் போட்டது. ‘பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலொழிய எந்தச் சட்டமும் மன்னரைக் கட்டுப்படுத்தாது என்பது காமன் லா விதி, மன்னர் இருந்த இடத்தில் இன்று நாங்கள்’ என்றது அரசு. 1960இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த வாதத்தை ஏற்றிருந்தது. இந்த முறை 9 நீதிபதிகள் அமர்ந்தார்கள். 1966 டிசம்பரில் 8க்கு 1 என்ற கணக்கில் அரசின் வாதம் தோற்றது. அது சட்டத்துக்குப் பொருள் கொள்ளும் ஒரு முறைதான், ‘நடைமுறையில் இருந்த சட்டம்’ அல்ல, ஆகவே 372ஆம் பிரிவு அதைக் காப்பாற்றாது என்றார்கள். குடிமகனுக்கு ஒரு விதி, அரசுக்கு ஒரு விதி என்பது சமத்துவத்தோடு ஒட்டாது என்றும் சொன்னார்கள். சந்தைக்கு உரிமம் எடுக்காத அரசு குற்றவாளியே என்று முடிந்தது.

கேள்வி: நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைத்தார்கள். அரசமைப்புச் சட்டம் வருவதற்கு முன்பே காமன் லாவில் இருந்த உரிமையை அப்போது கேட்டிருக்கலாமே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: கேட்டார்கள். 9 உயர் நீதிமன்றங்கள் அதற்குக் காதுகொடுக்கவும் செய்தன. உச்ச நீதிமன்றம்தான் கதவை அடைத்தது.

1975 ஜூன் 27இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று, 14, 21, 22 ஆகிய பிரிவுகளைக் காட்டி நீதிமன்றம் செல்லும் உரிமையை நிறுத்தியது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 21ஆம் பிரிவைத் தொடவேண்டாம், சட்டத்தின் அனுமதி இல்லாமல் எந்த அதிகாரியும் ஒருவரைப் பிடித்துவைக்க முடியாது என்ற பழைய விதி இருக்கிறதே, அது போதும் என்பது அவர்கள் வாதம். 1976 ஏப்ரல் 28இல் ஜபல்பூர் வழக்கில் 4 நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. உயிரும் உடல் சுதந்திரமும் 21ஆம் பிரிவில் மட்டுமே குடியிருக்கின்றன, பழைய காமன் லா உரிமை அதற்குள் கரைந்துபோய்விட்டது, தனியாக எதுவும் மிச்சமில்லை என்றார்கள். சொந்தப் பகையில் ஒரு காவலர் ஒருவரைக் கொன்றாலும் நிவாரணம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். தங்கள் வாதப்படி கிடையாதுதான் என்று அட்டர்னி ஜெனரல் ஒப்புக்கொண்டார்.

கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அவர் வரலாற்றைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. உரிமையைத் தந்தது அரசமைப்புச் சட்டம் அல்ல, அது வருவதற்கு முன்பே பிரிட்டிஷ் ஆட்சியில்கூட சட்டமில்லாமல் ஒருவரை அடைத்துவைக்க முடியாது என்ற விதி இருந்தது, அந்நியர் ஆட்சியில் இருந்த பாதுகாப்பு சொந்த ஆட்சியில் எப்படி இல்லாமல் போகும் என்பது அவர் கேள்வி. பெரும்பான்மை சாய்ந்தது இங்கிலாந்தின் 1941ஆம் ஆண்டு லிவர்சிட்ஜ் வழக்கின் போர்க்காலத் தீர்ப்பில். அதே வழக்கில் லார்ட் அட்கின் தனியாக எழுதிய மாறுபட்ட தீர்ப்பைக் கன்னா எடுத்துக்கொண்டார். ஒரே வழக்கு, இரண்டு பக்கம்.

2017 ஆகஸ்ட் 24இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கின் 9 நீதிபதிகள் அமர்வில்தான் ஜபல்பூர் தீர்ப்பு வெளிப்படையாக நிராகரிக்கப்பட்டது. அந்த நிராகரிப்பை எழுதிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டின் தந்தை, 1976இன் அந்த நால்வரில் ஒருவர். அதற்கு வெகு முன்பே, 1978இன் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்த முடியாது என்று ஆக்கிவிட்டது. ஆகவே இன்று இந்த வாதத்தின் தேவை குறைவு. ஆனாலும் ‘உரிமை எங்கிருந்து வருகிறது’ என்ற கேள்விக்கு இதைவிடக் கூர்மையான பாடம் நம் நீதிமன்ற வரலாற்றில் இல்லை.

கேள்வி: ‘ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை’ என்கிறார்கள். இது நம் ஊரில் செல்லுமா? காவல் துறையினர் இரவில் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? (வணிகர், ஈரோடு)

பதில்: அந்த வரி 1604இல் லண்டனில் நடந்த செமைன் வழக்கிலிருந்து வருகிறது. எல்லோரும் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். மறுபாதி: மன்னர் தரப்பு வழக்கு என்றால் அதிகாரி கதவை உடைத்தும் நுழையலாம், ஆனால் வந்த காரணத்தைச் சொல்லி, கதவைத் திறக்கும்படி முதலில் கேட்க வேண்டும். கோட்டைக்கு வாசல் உண்டு, அதற்கு முறையும் உண்டு என்பதே முழுத் தீர்ப்பு.

நம் நாட்டில் அது வந்து இறங்கிய இடம் கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் 1941ஆம் ஆண்டுக் கொள்ளை வழக்கு ஒன்றில் பிடிபட்டு, ஆதாரம் இல்லை என்று விடப்பட்டவர் அவர். ஆனாலும் காவல் நிலையத்தில் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தார்கள். நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். மாநிலக் காவல் விதி 236(பி) அதற்கு இடம் கொடுத்தது. 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செமைன் வழக்கை எடுத்துக்காட்டி, இரவில் வீடு புகுவது காமன் லா உரிமையை மீறுவது, ஆகவே 21ஆம் பிரிவுக்கு விரோதம் என்று அந்த விதியை நீக்கியது. அதே தீர்ப்பில், அந்தரங்க உரிமை என்று ஒன்று அரசமைப்புச் சட்டத்தில் இல்லை என்றும் எழுதியது! வீட்டுக்குக் காவல் உண்டு, அந்தரங்கத்துக்கு இல்லை என்ற இந்த முரண்பாடு தீர 55 ஆண்டுகள் ஆயின. புட்டசாமி தீர்ப்பு இதைச் சுட்டிக்காட்டித்தான் பழைய தீர்ப்பின் அந்தப் பகுதியை நீக்கியது.

நடைமுறைக்கு வருவோம். இன்று உங்கள் கையில் இருப்பது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 185ஆம் பிரிவின்படி வாரன்ட் இல்லாமல் தேட வரும் அதிகாரி காரணத்தை முன்கூட்டி எழுத்தில் பதிய வேண்டும். 103ஆம் பிரிவின்படி அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் போட்டு, அவர்கள் கையெழுத்து வாங்கி, உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும். 105ஆம் பிரிவு ஒலி, ஒளிப்பதிவைக் கட்டாயமாக்குகிறது. காரணத்தைக் கேளுங்கள், நகலைக் கேட்டு வாங்குங்கள். கதவை மறித்துச் சண்டை போடாதீர்கள். அது தனி வழக்காகிவிடும்.

கேள்வி: ஒரே தவறுக்குத் துறை ரீதியாகவும் அபராதம், நீதிமன்றத்திலும் வழக்கு. ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது என்பது காமன் லா இல்லையா? (அரசு ஊழியர், கரூர்)

பதில்: நம் 20(2) பிரிவு காமன் லாவைவிடக் குறுகியது. ‘வழக்குத் தொடரப்பட்டுத் தண்டிக்கப்பட்ட’ இரண்டும் நடந்திருக்க வேண்டும், அதுவும் நீதிமன்றம் போன்ற அமைப்பின் முன். 1953இல் மக்பூல் உசேன் வழக்கில், சுங்கத் துறை தங்கத்தைப் பறிமுதல் செய்தது ‘வழக்கு’ ஆகாது, பிறகு குற்ற வழக்குத் தொடரத் தடையில்லை என்றார்கள். துறை நடவடிக்கைக்கும் இதே கதிதான். விடுதலையான பின் அதே குற்றத்துக்கு மறுவிசாரணை கூடாது என்ற காமன் லாவின் மறுபாதி நமக்குச் சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது: முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 300, இப்போது சுரக்ஷா சன்ஹிதா 337. மனுவில் எந்தப் பிரிவை எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

கேள்வி: அரசு ஊழியர் செய்த தவறுக்கு அரசிடம் நஷ்டஈடு கேட்டால் ‘இறையாண்மைப் பணி, பொறுப்பில்லை’ என்று பதில் மனு போடுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது? (இளம் வழக்கறிஞர், மதுரை)

பதில்: ஒரு குதிரையிலிருந்து வந்தது. கல்கத்தா கிடர்பூர் கப்பல் பட்டறையில் அரசுத் தொழிலாளர்கள் பெரிய இரும்புத் துண்டு ஒன்றைச் சாலையின் குறுக்கே தூக்கிச் சென்றார்கள். பின்னால் ஒரு குதிரை வண்டி வர, பயந்து இரும்பைப் போட்டுவிட்டார்கள். சத்தத்தில் மிரண்ட குதிரைக்குக் காயம். வண்டிக்குச் சொந்தமான பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் வழக்குப் போட்டது. 1861இல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக், அரசு பணம் தர வேண்டும் என்றே தீர்ப்பளித்தார். போகிற போக்கில், இறையாண்மை அதிகாரத்தைச் செலுத்தும்போது நடந்தால் பொறுப்பில்லை என்று ஒரு வேறுபாட்டையும் சொல்லிவைத்தார். அந்த வழக்குக்குத் தேவைப்படாத அந்த வரிதான் ஒன்றரை நூற்றாண்டாக உங்கள் பதில் மனுக்களில் வாழ்கிறது.

அது அரசமைப்புச் சட்டத்துக்குள் நுழைந்த வழியைப் பாருங்கள். 300ஆம் பிரிவு, முன்பிருந்த மாகாணங்கள் எந்த அளவுக்குப் பொறுப்போ அதே அளவுக்கு மாநிலங்களும் என்கிறது. அந்த அளவு என்ன என்றால் 1935 சட்டத்தின் 176ஆம் பிரிவைப் பார் என்று முடிகிறது. அது 1915 சட்டத்தின் 32ஐக் காட்டும். அது 1858 சட்டத்தின் 65ஐ. அங்கே போனால் கிழக்கிந்தியக் கம்பெனி நிற்கிறது. ஒரு குடியரசின் பொறுப்பை ஒரு வணிகக் கம்பெனியின் பொறுப்பை வைத்து அளக்கிறோம்.

1964இல் கஸ்தூரி லால் வழக்கில் இதன் கொடுமை வெளிப்பட்டது. 1947இல் மீரட் காவல் துறை ஒரு நகை வியாபாரியிடம் 100 தோலாவுக்கு மேல் தங்கத்தைப் பிடித்துவைத்தது. பொறுப்பிலிருந்த தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். காவல் பணி இறையாண்மைப் பணி, ஆகவே நஷ்டஈடு இல்லை என்றது நீதிமன்றம்; சட்டத்தை மாற்றுங்கள் என்று அரசுக்கு அறிவுரையும் சொன்னது. சட்டம் மாறவில்லை.

மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1968இல் விடுதலை செய்யப்பட்டும் 1982வரை பீகார் சிறையிலேயே கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் 30,000 ரூபாய் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். அரசு முன்பே கொடுத்திருந்த 5,000 போக இது. 1993இல் நீலாபதி பெஹேரா வழக்கில் கொள்கையைத் தெளிவாக வகுத்தது: அடிப்படை உரிமை மீறலுக்கு 32, 226 பிரிவுகளில் தரும் இழப்பீடு பொதுச் சட்ட நிவாரணம், இறையாண்மை என்ற தற்காப்பு அங்கே எடுபடாது. காவலில் இறந்த மகனுக்காக ஒடிசாவின் ஒரு தாய் எழுதிய கடிதமே மனுவானது. ஆள் தப்பி ஓடி ரயிலில் அடிபட்டார் என்றது காவல் துறை. நீதிமன்றம் மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொல்லி, அறிக்கை வாங்கி, 1,50,000 ரூபாய் கொடுக்க ஆணையிட்டது.

ஆக, வழக்கை எப்படி அமைப்பது? உயிர், உடல் சுதந்திரம் சம்பந்தப்பட்டது, உண்மைகளில் பெரிய தகராறு இல்லை என்றால் 226இன் கீழ் ரிட். காவல் மரணத்தில் சுரக்ஷா சன்ஹிதா 196இன்படி நடுவர் விசாரணை நடக்கும். அந்த அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கையில் இருந்தால் மனுவுக்கு முதுகெலும்பு கிடைக்கும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே தீர வேண்டிய நிலை என்றால் ரிட் நிற்காது. உரிமையியல் வழக்குத்தான், அதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80இன்படி 2 மாத முன்னறிவிப்புத் தேவை. பலர் சறுக்குவது எங்கே என்றால், ரிட் மனுவிலும் ‘கவனக்குறைவு’ என்ற பழைய பாஷையிலேயே எழுதிவிடுகிறார்கள். உடனே 1861 உயிர்பெற்று வந்துவிடும். உரிமை மீறல் என்று தொடங்குங்கள்.

கேள்வி: மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தயாராகிறேன். அரசியல் நிர்ணய சபை விவாதங்களை எப்படி எடுத்தாள்வது? (சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: முதல் பொறி எண்கள். விவாதத்தில் பேசப்படுவது 1948 பிப்ரவரி வரைவின் எண். இன்றைய எண் வேறு. இன்றைய 19 அன்று 13. இன்றைய 21 அன்று 15. இன்றைய 22 பின்னால் சேர்ந்த 15ஏ. இன்றைய 32 அன்று 25. 21 என்று தேடினால் சம்பந்தமே இல்லாத ஒரு விவாதத்தில் போய் நிற்பீர்கள்.

அடுத்து, எந்தப் படிநிலை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமைகள் உட்குழுவின் 1947 அறிக்கை, வரைவுக் குழுவின் 1948 வரைவு, 1948 நவம்பரில் தொடங்கிய பிரிவுவாரி விவாதம், 1949 நவம்பர் இறுதி வடிவம். சொல் எந்தப் படியில் மாறியது என்பதில்தான் சாறு இருக்கிறது. உட்குழுவில் ‘உரிய சட்டமுறை’ என்று அமெரிக்கப் பாணியில் இருந்ததை வரைவுக் குழு ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று மாற்றியது; ஜப்பானின் அரசமைப்புச் சட்டம் 31ஆம் பிரிவைக் காரணம் காட்டியது. அமெரிக்க நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரை, சபையின் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் சந்தித்துப் பேசியதும் இதன் பின்னணியில் உண்டு. 1950இல் சென்னைச் சிறையிலிருந்து ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், இந்த மாற்றத்தைச் சுட்டித்தான் 21ஆம் பிரிவைக் குறுக்கிப் படித்தார்கள்.

1978இல் மேனகா காந்தி வழக்கு அதைத் திருப்பிப் போட்டது. கடவுச்சீட்டை முடக்கும் முன் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்பது காமன் லாவின் இயற்கை நீதி. நடைமுறை என்று சட்டத்தில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அந்த வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். விவாத வரலாறு ஒரு பக்கம் இழுத்தது, காமன் லா மறுபக்கம் இழுத்தது. எதிரணி கோபாலனைக் காட்டினால் நீங்கள் காட்ட வேண்டியது இதை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. தனி உறுப்பினர் பேச்சுக்கும் குழு அறிக்கைக்கும் ஒரே எடை இல்லை. 1950களில் நீதிமன்றம் பேச்சுகளை ஏற்க மறுத்து, அறிக்கைகளை மட்டும் பார்த்தது; பிறகுதான் மெல்ல மெல்ல இறுக்கம் தளர்ந்தது. மற்றொன்று, ஒரு பிரிவைச் சேர்க்காமல் விட்டதை ‘வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். கடிதப் போக்குவரத்தின் ரகசியம் உட்குழு வரைவில் இருந்தது, பிறகு விடப்பட்டது. அதனால் அந்தரங்க உரிமையே நிராகரிக்கப்பட்டது என்று புட்டசாமி வழக்கில் அரசு வாதிட்டது. குறுகிய ஒரு வாசகம் விடுபட்டதை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது.

கேள்வி: தேசத்துரோகச் சட்டத்தில் வரலாறு எந்தப் பக்கம்? (பத்திரிகை மாணவர், சென்னை)

பதில்: மூன்று வரலாறுகள் இருக்கின்றன, அதுதான் சிக்கல். 1870இல் தண்டனைச் சட்டத்தில் 124ஏ சேர்ந்தது. 1897இல் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி, அரசின் மேல் வெறுப்பை ஊட்டினாலே குற்றம், கலவரம் தேவையில்லை என்று ஜூரிக்குச் சொன்னார். 1942இல் ஃபெடரல் நீதிமன்றத்தில் (உச்ச நீதிமன்றத்துக்கு முன்பு இருந்தது) தலைமை நீதிபதி மாரிஸ் குவையர், ஆங்கிலக் காமன் லாவைப் பின்பற்றி, பொது அமைதி குலையும் வாய்ப்பு இருந்தால்தான் குற்றம் என்றார். 1947இல் பிரிவி கவுன்சில், சட்டத்தின் வாசகமே தெளிவாக இருக்கும்போது ஆங்கில வழக்குகள் எதற்கு என்று சொல்லித் திலகர் வழக்கின் விளக்கத்துக்கே திரும்பியது. சுதந்திரத்தை விரும்புகிறவருக்கு இங்கே காமன் லா துணை, சட்டத்தின் எழுத்து எதிரி. பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

மூன்றாவது வரலாறு நம்முடையது. பேச்சுரிமைக்கான விலக்குகளில் ‘தேசத்துரோகம்’ என்ற சொல் வரைவில் இருந்தது. 1948 டிசம்பரில் கே.எம். முன்ஷி திருத்தம் கொண்டுவர, நீக்கப்பட்டது. 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்து எழுதியது. ஆனால் 1951இல் முதல் திருத்தம் பொது ஒழுங்கை விலக்காகச் சேர்த்தது. 1962 கேதார்நாத் வழக்கில் 5 நீதிபதிகள், பிரிவு செல்லும், ஆனால் குவையரின் குறுகிய பொருளில் மட்டும் என்றார்கள். இதில் எனக்குக் குறை ஒன்று உண்டு. சட்டத்தின் எழுத்தில் இல்லாத வரம்பைத் தீர்ப்பில் எழுதினால் அது காவல் நிலையம்வரை போய்ச் சேராது. வழக்குப் பதிகிறவர் படிப்பது பிரிவின் வாசகத்தைத்தான். 2022 மே 11இல் உச்ச நீதிமன்றம் 124ஏயை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 152ஆம் பிரிவில் அந்தச் சொல் இல்லை. இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து என்ற வாசகம் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கி உரிமையை முழுக்க வரலாற்றை வைத்தே தீர்மானிக்கிறார்களாமே? (பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: ஏறக்குறைய. 2008இல் ஹெல்லர் வழக்கில் 5க்கு 4, தனிநபருக்கே அந்த உரிமை உண்டு என்றார்கள். புராட்டஸ்டன்ட் மக்கள் சட்டம் அனுமதிக்கும் அளவில் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கலாம் என்ற 1689 ஆங்கில உரிமைச் சாசனத்தை வேராகக் காட்டினார்கள். 2022இல் புரூயன் வழக்கு இன்னும் போனது: இன்றைய கட்டுப்பாட்டை அரசு நியாயப்படுத்த வேண்டுமானால், அந்நாட்டு வரலாற்றில் அதுபோல ஒன்று இருந்தது என்று காட்ட வேண்டும். 1328ஆம் ஆண்டு நார்தாம்ப்டன் சட்டம்வரை அலசினார்கள். கீழ் நீதிமன்றங்கள் பழைய சட்டங்களைத் தேடி அலைந்தன. ஒரே சட்டத்தைப் பற்றி இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு முடிவுக்கு வந்தன. 2024 ரஹிமி வழக்கில் 8க்கு 1, அச்சு அசலாக ஒத்த பழைய சட்டம் வேண்டாம், அடிப்படைக் கொள்கை ஒத்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

இந்த அளவுகோலை இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. அமெரிக்கர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்ததாக நம்பிய உரிமைகளை எழுதிவைத்தார்கள். நம்முடையது பழையதை முறிக்க எழுதியது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவைப் படித்துவிட்டு, இதற்கு முன்பு மரபு என்ன என்று கேட்க முடியுமா? 13(1) பிரிவும் அதைத்தான் சொல்கிறது: அடிப்படை உரிமையோடு முரண்படும் பழைய சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது.

கேள்வி: அப்படியானால் பழைய வரலாற்றைக் காட்டியே ஒரு சட்டத்தை வீழ்த்தவும் முடியுமா? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: முடியும். 2018 செப்டம்பர் 27இல், பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 497 அப்படித்தான் விழுந்தது. திருமணமானதும் பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடங்கிவிடும் என்ற ஆங்கிலக் கோட்பாட்டின் நிழல் அந்தப் பிரிவில் இருந்தது. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை என்ற வாசகமே அவளை உடைமையாகக் காட்டிக்கொடுத்தது. மெக்காலேயின் 1837 வரைவில் இந்தக் குற்றம் இல்லவே இல்லை, பிறகு சேர்த்தார்கள் என்பதும் பேசப்பட்டது. இன்று அது குற்றம் அல்ல. ஆனால் இந்துத் திருமணச் சட்டம் 13இல் விவாகரத்துக்குக் காரணமாக நீடிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதே வேரிலிருந்து வந்தது மனைவியை வன்புணர்ந்தால் குற்றமில்லை என்ற விலக்கு. இங்கிலாந்து நீதிபதி மேத்யூ ஹேல் எழுதி, அவர் இறந்த பிறகு 1736இல் அச்சான ஒரு கூற்று அதன் ஆதாரம். இங்கிலாந்தே 1991இல் அதைக் கைவிட்டது. இங்கே 2017இல் 18 வயதுக்குட்பட்ட மனைவிக்கு மட்டும் விலக்கை நீக்கினார்கள். நியாய சன்ஹிதா 63லும் மற்றவர்களுக்கு அது தொடர்கிறது. 2022இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல, விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. பிறந்த ஊரிலேயே செத்துப்போன விதிக்கு இங்கே உயிர் இருப்பது வேதனை.

கேள்வி: இந்தத் தீர்ப்புகளை இலவசமாக, முடிந்தால் தமிழில் எங்கே படிப்பது? (பல வாசகர்கள்)

பதில்: உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும். 2023இல் தொடங்கியது, பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. படிக்கும்போது முதலில் அமர்வில் எத்தனை பேர் என்று பாருங்கள். 2 பேர் சொன்னதை 5 பேர் மாற்றியிருக்கலாம். பிறகு, நீங்கள் எடுக்கும் வரி பெரும்பான்மைத் தீர்ப்பிலா, மாறுபட்ட தீர்ப்பிலா, அல்லது வழக்கறிஞர் வாதத்தை நீதிபதி எடுத்துச் சொன்ன பத்தியிலா என்று சரிபாருங்கள். மூன்றாவது தவறு மிகமிகச் சாதாரணமாக நடக்கிறது. கடைசியாக, அந்தத் தீர்ப்பின் பெயரைப் பிந்தைய தீர்ப்புகளில் தேடி, இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பு புரிந்துகொள்வதற்கு மட்டும். மனுவில் இணைக்கும்போது ஆங்கில மூலத்தையே இணையுங்கள். அதிகாரபூர்வமானது அதுதான் என்று ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் குறிப்பே இருக்கும்.